வயதைச் சொல்ல வேண்டாம், விஷயத்தைச் சொல்லுங்கள்

தமிழில் கதை எழுதுகிற தங்கைமாருக்கும் தம்பிமாருக்கும்,

வத்தளையிலிருந்து எழுதுகிறேன். உங்களில் பலரை எனக்குப் பெயரளவில்தான் தெரியும், அதுவும் புனைபெயர். உங்கள் கதைகளை மட்டும் நன்றாகத் தெரியும். என் வீட்டு முன்னறையில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. யார் எதை எடுத்துப் போனார்கள் என்று எழுதி வைக்க ஒரு சீ.ஆர். கொப்பி. இதை நூலகம் என்று சொன்னால் பெரிய வார்த்தை. கொட்டாஞ்சேனையில் வாடகை கட்டுப்படியாகாமல் களனிப் பாலம் தாண்டி இந்தப் பக்கம் வந்தவர்கள், யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் விட்டு வந்தவர்கள், தோட்டத்திலிருந்து கடை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் என்று பல வீட்டுப் பெண்கள் எடுத்துப் போவார்கள். கொழும்பு செட்டியார் தெருப் புத்தகக் கடைகளுக்குப் போகும்போதெல்லாம் அவர்களுக்காக ஒன்றிரண்டு வாங்கி வருவேன்.

இப்போது அலுமாரியைவிடப் போன்தான் அதிகம் திறக்கப்படுகிறது, நீங்கள் இணையத்தில் தொடராக எழுதும் கதைகளுக்காக. புறக்கோட்டைக்குப் போகிற 240 பஸ்ஸில் ஒரு எபி, அதாவது ஓர் அத்தியாயம், திரும்பி வரும்போது ஒரு எபி. சொன்ன நாளில் யூடி என்கிற அடுத்த பகுதி வராவிட்டால் ரைட்டருக்கு என்ன சுகமில்லையோ என்று உண்மையாகவே கவலைப்படுகிறார்கள். கல்கிக்குப் பிறகு அத்தியாயத்துக்கு அத்தியாயம் இப்படிக் காத்திருக்கும் கூட்டம் உங்களுக்குத்தான் வாய்த்திருக்கிறது என்று நினைக்கிறேன். குடும்ப நாவல் என்றாலே முகத்தைச் சுளிக்கிற இலக்கியக்காரர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ரமணிசந்திரனை வாசித்துத்தான் வாசிப்புக்கு வந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

பேச வந்தது உங்கள் கதைகளின் நெற்றியில் ஒட்டியிருக்கும் ஒரு வரியைப் பற்றி.

'18+' என்று போடுகிறீர்கள். 'ஆன்டி ஹீரோ கதை' என்று போடுகிறீர்கள். கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும், பிடிக்காதவர்கள் தள்ளிப் போய்விடுங்கள் என்று ஒரு வரி, பக்கத்தில் கண்ணடிக்கிற ஒரு பொம்மை. இது எச்சரிக்கை என்று உங்களுக்கு ஒரு நினைப்பு. கடைத்தெருவில் இதற்கு விளம்பரம் என்று பெயர். கொவிட் காலத்தில் சூம் வகுப்புக்கென்று கையில் போன் வந்த பிள்ளைகள் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு 18 என்ற எண் கதவைச் சாத்தாது, கதவு எங்கே இருக்கிறது என்று காட்டும். ஐம்பது வயதுக்காரிக்கோ அந்த எண் ஒன்றையுமே சொல்லாது. அவளுக்கு 18 கடந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. உள்ளே வரப்போவது புதுமணத் தம்பதியின் படுக்கையறையா, ஒருத்தியைக் கட்டிவைத்து அடிக்கும் அறையா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். இரண்டுக்கும் நீங்கள் ஒரே எண்ணைப் போடுகிறீர்கள்.

என் சங்கடம் முழுக்க இந்த இடத்தில்தான். மூட வேண்டியதைத் திறந்துவிட்டு, திறந்து காட்ட வேண்டியதை மூடுகிற பழக்கம் நமக்கு நெடுங்காலமாக இருக்கிறது. எங்கள் தொலைக்காட்சியையே பாருங்கள். 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டம் வந்த பிறகு, படத்தில் யாராவது சிகரெட்டை எடுத்தால் அதன்மேல் ஒரு மங்கல் வந்து உட்கார்ந்துகொள்ளும். சாராயப் போத்தலுக்கும் அதே கதி. அந்தச் சாராயத்தைக் குடித்தவன் எழுந்து வந்து மனைவியின் கன்னத்தில் அறைவான். அது மட்டும் பளிச்சென்று தெரியும், அதுவும் மூன்று கோணத்தில், பின்னணி இசையோடு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போத்தலைப் பார்த்துப் பிள்ளை கெட்டுவிடும் என்று பயப்பட்டவர்களுக்கு அந்த அறையைப் பற்றி ஒரு பயமும் வரவில்லை.

எழுத்திலும் இதே கதைதான். 1966இல் ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' ஆனந்த விகடனில் வந்தபோது கிளம்பிய கூச்சலை வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். மழைநாளில் காரில் ஏற்றிப்போன ஒருவனால் ஒரு கல்லூரிப் பெண் கெடுக்கப்படுகிறாள். வீடு திரும்பியவளைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். வாசகர்களில் பலருக்குப் பொறுக்காமல் போனது காரில் நடந்ததல்ல, வீட்டில் நடந்தது. அவன் செய்ததை மன்னித்துவிடலாம், அவள் தாய் செய்ததை மன்னிக்க முடியாது என்பது போல இருந்தது அந்தக் கோபம். அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்லப் போய்த்தான் அவர் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார்.

எங்கள் நாட்டுக் கதை இதைவிடக் கனமானது. 1997 மே 17ஆம் திகதி அம்பாறை மாவட்டத்து மத்திய முகாமில், நான்கு பிள்ளைகளின் தாயான கோணேஸ்வரியைப் பொலிஸார் வன்புணர்வு செய்து, பிறப்புறுப்பில் கைக்குண்டை வெடிக்க வைத்துக் கொன்றார்கள். எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். கலா என்ற கவிஞர் இதை வைத்து 'கோணேஸ்வரிகள்' என்ற கவிதையை எழுதினார். கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த 'சரிநிகர்' பத்திரிகையில் அது வெளிவந்தது. உடனே வாதம் தொடங்கியது. எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? கைக்குண்டைப் பற்றியா? கவிதையில் பெண்ணுறுப்பின் பெயரைச் சொன்னது சரியா, ஒரு பெண் அந்தச் சொல்லை எழுதலாமா, இது ஆபாசமா இல்லையா என்று. அந்தக் கவிதையில் விவாதிக்க வேறு விஷயங்களும் இருந்தன. அவளுக்கு நடந்ததற்கு எதிராகத் தன்னையே திறந்து காட்டும் அந்தக் குரல் யாரைப் பார்த்துப் பேசுகிறது, அதிலே கோபம் எது, கசப்பு எது என்று நெடுநேரம் பேசலாம். அதற்குள் போகவே பலருக்கு மனமில்லை. சொல்லிலேயே நின்றுவிட்டார்கள்.

அந்தக் கவிதைக்கு அன்றைக்கு முன்குறிப்பு வேண்டியிருந்ததா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். செய்தியை எல்லோரும் அறிந்திருந்தார்கள். கவிதை வந்த காலத்துப் பத்திரிகைகளில்தான் அந்தச் செய்தியும் வந்தது. வாசகர் ஏற்கெனவே அந்தச் செய்திக்குள் நின்றுகொண்டிருந்தார். ஆனால் இன்றைக்கு அதை ஒரு தொகுப்பில் சேர்த்தால் குறிப்பு வேண்டும். 2005இல் பிறந்த பிள்ளை, கோணேஸ்வரி யார் என்றே தெரியாமல் அந்தப் பக்கத்தைத் திருப்புகிறது. தெரியாமல் வாசித்தால் அதற்கு மிஞ்சுவது அந்த ஒரு சொல் மட்டும்தான், கவிதையே வெறும் அதிர்ச்சி வித்தையாகிவிடும். 'ஆபாசச் சொற்கள் உள்ளன' என்று அங்கே ஒரு வரி போட்டால் அது கோணேஸ்வரிக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். அவளுக்கு என்ன நடந்தது என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டுக் கவிதையைப் போட்டால் அதுவே போதும். வயது வந்தவர் எழுந்து போகலாம், இருந்து வாசிக்கலாம். இரண்டும் அறிந்து செய்வதாக இருக்கும்.

உங்கள் ஆன்டி ஹீரோவுக்கு வருகிறேன்.

அவன் பெரிய பணக்காரன். கோபக்காரன். கதாநாயகியின் அண்ணன் இவன் தங்கைக்கு ஏதோ செய்திருப்பான், அல்லது செய்ததாக இவன் நினைத்திருப்பான். பழிவாங்க அவளைக் கடத்தி வந்து தாலி கட்டுவான். பிறகு 'கணவன் என்ற உரிமையில்' அவளை எடுத்துக்கொள்வான். அவள் அழுவாள், கெஞ்சுவாள், காய்ச்சலில் விழுவாள். அவன் இரவிரவாகப் பக்கத்தில் இருந்து நெற்றியில் ஈரத்துணி போடுவான். நாற்பதாவது எபியில் அவளுக்கு அவன்மேல் காதல் வந்துவிடும், எபிலாக்கில் இரட்டைப் பிள்ளைகள். நக்கலடிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்த ஈரத்துணிக் காட்சியை நன்றாக எழுதுகிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள், எனக்கே தொண்டை அடைத்திருக்கிறது. அதுதான் பயமாகவும் இருக்கிறது.

அந்தத் தாலிக்குப் பிறகு நடந்ததற்கு என்ன பெயர்? கதையின் நெற்றியில் 18+ என்று போட்டுவிட்டதால் அந்தப் பெயரைச் சொல்லும் வேலையிலிருந்து நீங்கள் தப்பிவிட்டீர்கள். சட்டமும் உங்களைப் போலத்தான். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டது. அதன்படி மனைவியின் சம்மதமில்லாமல் கணவன் நடந்துகொண்டால், நீதிமன்றம் அவர்களைப் பிரித்து வைத்திருந்தால் மட்டுமே அது வன்புணர்வு. மற்றபடி அந்தக் குற்றத்துக்கு அங்கே பெயர் இல்லை. இந்தியாவில் பழைய சட்டத்தைத் தூக்கிவிட்டு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் பதினெட்டு வயது தாண்டிய மனைவியின் விஷயத்தில் கணவனுக்கு அதே விதிவிலக்கை 63ஆம் பிரிவில் காப்பாற்றி வைத்திருக்கிறது. இரண்டு நாட்டுச் சட்டமும் கூசிக்கொண்டு விட்ட இடத்தை உங்கள் கதைகள் பூப்போட்டு நிரப்புகின்றன.

இப்போது ஒரு வேலை செய்து பாருங்கள். 18+ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் இப்படி எழுதுங்கள்: 'இந்தக் கதையில் கதாநாயகன் கதாநாயகியைக் கடத்திக் கட்டாயத் தாலி கட்டுகிறான். திருமணத்துக்குள் வன்புணர்வு வருகிறது.' எழுதிவிட்டு முதல் எபியைத் திரும்ப வாசியுங்கள். ஹீரோவின் அறிமுகக் காட்சியில் அவன் காரிலிருந்து இறங்கும் விதம் கொஞ்சம் மாறித் தெரியும். அப்படித் தெரிந்த பிறகும் இந்தக் கதையை இப்படியேதான் எழுதுவேன் என்றால் தாராளமாக எழுதுங்கள், நான் தடுக்க மாட்டேன். கொடியவனை விரும்புகிற பெண்ணைப் பற்றி எழுதக்கூடாது என்று எந்த இலக்கணத்திலும் இல்லை. அப்படி விரும்புகிறவர்கள் இந்த ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். ஆனால் அதை அறிந்து எழுதுகிறவருக்கும் அறியாமல் எழுதுகிறவருக்கும் வித்தியாசம் இருபதாவது எபிக்குள் தெரிந்துவிடும். வாசகருக்காகத்தான் முன்குறிப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அது முதலில் எழுதுகிறவருக்குத்தான் உதவும் என்று படுகிறது.

அச்சில் எழுதுகிற தம்பிமார் இதை வாசித்துவிட்டு, இது அந்தப் பெண்களின் பிரச்சினை என்று நினைத்துச் சிரிக்க வேண்டாம். உங்கள் பின்னட்டைகளைப் பற்றியும் சொல்ல இருக்கிறது. யாரோ ஒரு மூத்த எழுத்தாளரின் புகழ்ச்சி, உங்கள் படம், எத்தனை மொழியில் பெயர்க்கப்பட்டது என்ற விபரம். உள்ளே சித்திரவதை முகாம் இருக்கிறதா, தற்கொலை இருக்கிறதா என்று ஒரு சொல்லும் இராது. 'மனிதத்தின் இருண்ட பக்கங்களைப் பேசும் படைப்பு' என்று இருக்கும். இருட்டு என்றால் எங்கள் ஊரில் லைட் போன இரவும் இருட்டுத்தான்.

வன்னியிலிருந்து வந்த ஒரு தங்கச்சி இங்கே மாபோலையில் ஒரு கடையில் வேலை செய்கிறாள். 2009இல், போரின் கடைசி மாதங்களில், என்ன பார்த்தாள் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. போர்க்காலத்து நாவல் ஒன்றை எடுத்துப் போனவள் இரண்டாம் நாளே கொண்டுவந்து தந்தாள். பத்திரிகைத் தாளில் சுற்றி, பாதியில் பஸ் டிக்கெட் செருகியபடி. "அக்கா, இதில அந்த விஷயம் வருது" என்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "இல்லை அக்கா, வருமெண்டு தெரிஞ்சிருந்தா வாசிச்சிருப்பன். பஸ்ஸுக்குள்ள வைச்சு வந்திட்டுது. அதுதான்" என்றாள். பஸ் டிக்கெட்டை எடுக்காமல் அப்படியே வைத்திருக்கச் சொன்னாள். அடுத்த பௌர்ணமிப் போயா லீவுக்குத் தமக்கை வந்து நின்றபோது அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் போய் முடித்துவிட்டுத் தந்தாள். நல்ல புத்தகம் என்றாள். எனக்கு அந்த நாவலாசிரியர்மேல் வந்த கோபம், அவள் அப்படிச் சொன்ன பிறகு கொஞ்சம் குறைந்தது.

இந்த முன்குறிப்புகளால் உண்மையில் பயனில்லை என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றனவே என்று படித்தவர்கள் கேட்கலாம். சொல்கின்றனதான். விக்டோரியா பிரிட்ஜ்லண்டும் அவருடைய சகாக்களும் இது பற்றி நடந்த 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023இல் வெளியிட்ட முடிவு இதுதான்: எச்சரிக்கையைப் பார்த்தவர்களுக்கு வாசிக்கும்போது வரும் மனவேதனை குறையவில்லை. வாசிப்பதற்கு முன்னால் வரும் படபடப்பு சற்றுக் கூடுகிறது. எச்சரிக்கையைப் பார்த்துப் பயந்து ஒதுங்குகிறவர்களும் கூடவில்லை. நான் இதை மறுக்கவில்லை. குறிப்பை நான் மருந்தாகக் கேட்கவில்லையே. மாபோலைத் தங்கச்சிக்கு அந்தப் பக்கங்கள் போயா தினத்திலும் வலித்திருக்கும். ஆனால் அன்றைக்கு அவள் வீட்டில் இருந்தாள், தமக்கை பக்கத்தில் இருந்தாள், நடுவில் எழுந்து தேத்தண்ணி வைக்கலாம். 240இல் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது அது முடியாது. எங்கே வைத்து, யார் பக்கத்தில் இருக்க, எப்போது வாசிப்பது என்று அவளே முடிவெடுக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன். வாசகர்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்ற உங்கள் பயத்துக்கும் அந்த ஆராய்ச்சியிலேயே பதில் இருக்கிறது பாருங்கள்.

கதையின் முடிச்சை முன்னாலேயே அவிழ்த்துவிட்டால் பிறகு என்ன சுவை என்பது நியாயமான கேள்வி. ஷோபாசக்தியின் 'ம்' நாவலை எடுத்துக்கொள்வோம். 2004இல் வந்தது. அதில் ஒரு சிறுமிக்கு நேர்ந்தது வருகிறது, 1983 ஜூலை வெலிக்கடைச் சிறைப் படுகொலை வருகிறது. யார் செய்தது என்பது அந்த நாவலின் முதுகெலும்பு. அதைச் சொன்னால் நாவலையே கொன்றதாகும். சொல்ல வேண்டியதில்லை. 'சிறைச் சித்திரவதை, கொலை, சிறுவர் மீதான பாலியல் வன்முறை வரும்' என்றால் முடிச்சு அப்படியே இருக்கும். என்ன என்று சொல்லலாம், யார் என்றும் எப்போது என்றும் சொல்லாமல் விடலாம். அதுவும் முடியாத கதைகள் சில இருக்கும். ரசிகர்கள் எழுதும் புனைவுகளுக்கென்று 2009இல் திறக்கப்பட்ட 'ஆர்கைவ் ஒஃப் அவர் ஓன்' என்ற ஆங்கிலத் தளத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கொடூர வன்முறை, வன்புணர்வு என்று சில விஷயங்களுக்குக் குறிப்பு உண்டு. குறிப்புத் தர விரும்பாத எழுத்தாளர், 'நான் எச்சரிக்கை தரப்போவதில்லை' என்பதையே குறிப்பாகப் போடலாம். எனக்கு இது மிகவும் பிடித்தது. உள்ளே எது வேண்டுமானாலும் இருக்கும் என்று தெரிந்துகொண்டு துணிகிறவர் துணியலாம். எழுத்தாளருடைய சுதந்திரமும் பறிபோகவில்லை, வாசகரும் ஏமாறவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர் பழக்கம், நமக்கு எதற்கு என்று ஒரு பெரியவர் என்னோடு வாதாடினார். குறுந்தொகையைத் திறந்து பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு பாட்டையும் ஒட்டி ஒரு கூற்று இருக்கிறது. யார் பேசுகிறார், யாரிடம், எந்தச் சந்தர்ப்பத்தில் என்று ஒரு வரி. பரத்தையிடமிருந்து திரும்பி வந்த தலைவனுக்குத் தோழி வாயில் மறுத்தது என்றால், மறுத்தது என்றே எழுதியிருக்கும். அந்த ஒரு வரியால் எந்தப் பாட்டும் சுவை கெட்டதாக நான் கேள்விப்படவில்லை. அந்த வரி இல்லாவிட்டால் பாதிப் பாட்டில் யார் யாரோடு கதைக்கிறார்கள் என்று நமக்கே விளங்காது. நம்முடைய ஆட்கள் பாட்டுக்கு வயதைப் போடவில்லை, சந்தர்ப்பத்தைப் போட்டார்கள். பெரியவர் பேச்சை மாற்றிவிட்டார்.

யார் இந்தக் குறிப்பை எழுதுவது என்பதில் மட்டும் நான் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் எழுத வேண்டும், அல்லது உங்கள் பதிப்பாளர் உங்களைக் கேட்டு எழுத வேண்டும். வேறு ஒருவரும், முக்கியமாக அரசாங்கம், எழுதக்கூடாது. 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இன்னும் இந்த நாட்டில் உயிரோடிருக்கிறது. அதன் பக்கத்தில் 2024இல் இணையவழிப் பாதுகாப்புச் சட்டமும் வந்து உட்கார்ந்திருக்கிறது. சிங்கள எழுத்தாளர் ஷக்திக சத்குமார 'அர்த' என்ற சிறுகதையை முகநூலில் போட்டதற்காக 2019 ஏப்ரல் முதலாம் திகதி கைதானார். மடத்துக்குள் நடக்கும் ஓரினப் பாலுறவைக் கதை தொட்டது என்பதுதான் பிக்குமாரின் கோபம். மனித உரிமைகளைக் காப்பதற்கென்று வந்த ஐசீசீபீஆர் சட்டத்தைக் கொண்டே அவரைப் பிடித்து நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே வைத்திருந்தார்கள். வழக்கிலிருந்து அவர் விடுபட 2021 பெப்ரவரி ஆயிற்று. நம் மன்னார்ப் பக்கத்துக் கவிஞர் அஹ்னப் ஜஸீமின் 'நவரசம்' தொகுப்புக்குத் தீவிரவாதம் என்று பொருள் கொண்டார்கள். வன்முறையைக் கண்டிக்கிற கவிதைகளும் அதிலே இருந்தன. 2020 மேயில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது, 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில்தான் விடுதலை. ஒரு கவிதைப் புத்தகத்தை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அவர் மூன்றரை வருடம் கொடுக்க வேண்டி வந்தது. இப்படிப்பட்டவர்கள் கையில் முத்திரை குத்தும் வேலையைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் நாமக்கல் பக்கம் நடந்ததும் தெரிந்ததுதான். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வந்தது 2010இல். நான்கு வருடம் கழித்து எதிர்ப்புக் கிளம்பி, 2015 ஜனவரியில் அவரை அதிகாரிகள் முன்னிலையில் உட்காரவைத்து மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எத்தனை முன்குறிப்பு இருந்திருந்தாலும் அந்தக் கூட்டம் வந்தேயிருக்கும், ஏனென்றால் அவர்களில் பலர் வாசகர்களே அல்லர். முன்குறிப்பு உங்களைக் கும்பலிடமிருந்து காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, ஒரு புத்தகம் பிடிக்காவிட்டால் வாசிக்காமல் விடலாம் என்ற பொருளில் சொன்னது. எனக்கு அந்தத் தீர்ப்பு மிகவும் பிடிக்கும். ஆனால் வாசிக்காமல் விடுவதற்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை தெரிந்திருக்க வேண்டுமே.

நடைமுறைக்கு இரண்டு விஷயம் சொல்லிவிட்டு முடிக்கிறேன். தொடர் எழுதுகிறவர்கள் முதல் எபியில் மட்டும் குறிப்பைப் போட்டால் போதாது. மூன்று மாதம் கழித்து இருபத்தேழாவது எபியை வாசிக்கிறவளுக்கு முதல் எபியில் என்ன இருந்தது என்று நினைவிருக்காது. சம்பந்தப்பட்ட எபியின் தலையிலும் ஒரு வரி வேண்டும். தம்பதியரின் உறவு விரிவாக வருகிற எபி என்றால் அதையும் நேராகச் சொல்லுங்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, எச்சரிக்கவும் ஒன்றுமில்லை, ஆனால் பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர் எட்டிப் பார்க்கிற ஊர் இது. அச்சில் வெளியிடுகிறவர்கள் பதிப்புரிமை விபரம் போடுகிற பக்கத்தில், சின்ன எழுத்தில் இரண்டு வரிக்கு இடம் விடுங்கள். தேடுகிறவர் தேடிப் பார்ப்பார், வேண்டாதவர் கண்ணில் படாது. 'மனத்தைப் பாதிக்கும் காட்சிகள்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்தக் காட்சி என்று எழுதுங்கள். தற்கொலை என்றால் தற்கொலை. சாதியைச் சொல்லி அடிப்பது என்றால் அது. குழந்தை சாவது என்றால் அது.

உங்களிடமிருந்து வரும்வரை என்னால் ஆனதைச் செய்துகொண்டிருக்கிறேன். இங்கே வாசித்துவிட்டுத் தருகிறவர்கள் சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி எழுதுகிறார்கள். 'மாமியார் கொடுமை வரும், முடிவு நல்லது.' 'ஷெல் அடி வரும், நாய் சாகும்.' நாயை ஏன் எழுதினாள் என்று ஒருவருக்கும் முதலில் விளங்கவில்லை, இப்போது அந்த வரியைப் பார்த்துவிட்டு அந்தப் புத்தகத்தைத் தள்ளி வைக்கிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். உங்களுடைய கதைகளுக்கும் இப்படி எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தி உங்களில் ஒருவருடைய நூற்றுப்பத்து எபிக் கதைக்கு 'ஹீரோ பொலிஸில் இருக்க வேண்டிய ஆள், பொலிஸாக அல்ல' என்று எழுதியிருக்கிறாள். இதைவிட நல்ல குறிப்பை நீங்களே எழுதிவிடலாம்.

நேர்மையான இரண்டு வரிக் குறிப்போடு உங்கள் அடுத்த கதை புத்தகமாக வரட்டும். செட்டியார் தெருவில் சொல்லிவைத்து, பணம் கொடுத்தே வாங்குவேன். வட்ஸ்அப்பில் சுற்றுகிற பிடிஎப்பை யாரிடமும் கேட்க மாட்டேன், இங்கே வருகிறவர்களுக்கும் அனுப்ப விடமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வாசகி ஒருத்தி,
வத்தளை.